மருந்து அடிக்கும் முன்: வெயிலும் மழையும் மாறும்போது இலை காட்டும் அறிகுறிகள்

இலை லேசாக நிறம் மாறினால் போதும், உடனே வேப்ப எண்ணெயைக் கலக்கி எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிற ஆட்கள் நாம். அப்புறம் ஒரு கை மண்புழு உரம், அதற்கு மேல் யாரோ சொன்னார்கள் என்று எப்சம் உப்பு. இத்தனையும் வாங்கிக்கொள்கிற செடிக்குப் பாதி நேரம் நோயும் கிடையாது, பூச்சியும் கிடையாது, சத்துக் குறைவும் கிடையாது. வெளிச்சம் மாறியிருக்கும், இல்லை சூடு ஏறியிருக்கும், இல்லை வேருக்குத் தண்ணீர் கூடவோ குறையவோ ஆகியிருக்கும். அதற்குத் தக்கபடி செடி தன் ஒளிச்சேர்க்கையைத் திருத்திக்கொண்டிருக்கும், அந்தத் திருத்த வேலைதான் நமக்கு நோய் மாதிரி தெரிகிறது.

அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ நேராக அங்கே போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் குழப்பும். சென்னை, மதுரை, திருச்சி மாதிரி சமவெளி ஊர்களின் மொட்டைமாடியை மனதில் வைத்து எழுதியது. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குப் பாதி பொருந்தாது.

எதையும் ஊற்றுவதற்கு முன்

முதலில் எந்த இலை என்று பாருங்கள். அடி இலையா, நடு இலையா, நுனித் தளிரா. முழுதாக விரிந்துவிட்ட இலை தன் உடம்பை மாற்றிக்கொள்ள முடியாது. உள்ளே இருக்கிற பச்சையத்தையும் நொதிகளையும் ஓரளவு கூட்டிக் குறைக்கும், அவ்வளவுதான். எத்தனை தடிமன், உள்ளே எத்தனை அடுக்குச் செல் என்பதெல்லாம் அது விரிகிற காலத்திலேயே முடிவாகிவிட்ட சமாச்சாரம். நிழலில் விரிந்த இலை மெல்லியதாக, அகலமாக இருக்கும். வெயிலில் விரிந்த இலை சிறியதாக, தடிமனாக, உள்ளே நிற்கிற செல்கள் இரண்டு மூன்று அடுக்காக இருக்கும். ஒரே கொய்யா மரத்தில் உச்சிக் கிளையில் ஒரு இலை, உள்பக்க நிழல் கிளையில் ஒரு இலை பறித்து இரண்டையும் விரலிடையே உருட்டிப் பாருங்கள், தடிமன் வித்தியாசம் கைக்கே தெரியும்.

ஆகவே செடி புது இடத்துக்குப் பழகிவிட்டதா என்பதற்குப் பழைய இலை சாட்சி சொல்லாது, புதிதாக விரிகிற இலைதான் சொல்லும். நான் செய்வது இதுதான்: பிரச்சினை தெரிந்த அன்றைக்கே நுனியில் கடைசியாக விரிந்த இலையின் காம்பில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டிவிடுவேன். நூலுக்கு மேலே வருகிற இலைகள் நன்றாக இருந்தால் கீழே இருப்பவை எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் கவலையில்லை. நூலுக்கு மேலேயும் அதே கோலம் என்றால் அப்போது யோசிக்கலாம்.

அடுத்து எந்தப் பக்கம் என்று பாருங்கள். தெற்கு, மேற்குப் பக்க இலைகள் மட்டும் பாதித்திருந்தால் வெயில்தான். செடி முழுக்க ஒரே மாதிரி என்றால் வேரைச் சந்தேகப்படுங்கள். எந்த நேரத்தில் தெரிகிறது என்பதும் முக்கியம், மதியம் ஒரு மணிக்குத் தெரிகிற வாட்டமும் காலை ஆறரைக்குத் தெரிகிற வாட்டமும் வேறு வேறு. கடைசியாக, போன இரண்டு வாரத்தில் என்ன மாறியது என்று யோசியுங்கள். தொட்டியை நகர்த்தினீர்களா, பக்கத்து வீட்டு மரத்தை வெட்டினார்களா, நிழல்வலையைக் கழற்றினீர்களா, ஐந்து நாள் மழைக்குப் பிறகு திடீரென்று வெயில் அடித்ததா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

நர்சரியில் வாங்கிய செடி, வெயிலில் வைத்த இரண்டு மூன்று நாளில் இலை நடுவில் வெளுத்துக் காய்கிறது

அடிக்கடி பார்க்கிற கேஸ் இது. நர்சரியில் செடி பச்சை வலைக்குக் கீழே இருந்திருக்கும். 50 சதவீத வலை என்றால் பாதி வெளிச்சம், 75 சதவீத வலை என்றால் கால்வாசிதான் உள்ளே இறங்கும். நம் மாடியில் தெளிவான வானத்தில் உச்சி வெயில், வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் கணக்கில், ஒரு லட்சத்தைத் தொடும். வலைக்குள் விரிந்த இலைக்கு அதில் சிறு பங்கு கிடைத்தாலே முழு வேகத்தில் வேலை செய்யப் போதும். மிச்ச வெளிச்சம் அதற்கு வருமானம் இல்லை, சுமை. பச்சையம் வெளிச்சத்தை வாங்காமல் இருக்க முடியாது, வாங்கிய ஆற்றலைச் செலவழிக்க வழியில்லாவிட்டால் அது ஆக்சிஜனோடு சேர்ந்து இலையையே அரிக்கிற வஸ்துகளை உண்டாக்கும்.

அதற்காக இலை சும்மா நின்று வெந்துபோகிறது என்று நினைக்க வேண்டாம், உள்ளே பெரிய தற்காப்பு நடக்கிறது. வெயில் ஏறிய சில நிமிடங்களிலேயே பச்சையத்தைச் சுமக்கிற பசுங்கணிகங்கள் செல்லின் மேல்பரப்பை விட்டு நகர்ந்து பக்கச் சுவர்களோரம் ஒன்றன் பின் ஒன்றாக ஒதுங்கி நிற்கும். ஒன்றின் நிழலில் இன்னொன்று. மெல்லிய இலைகளில் இதனாலேயே மதியம் இலை சற்று வெளிறித் தெரியும், மாலையில் பழைய பச்சை வந்துவிடும். அதே நேரத்தில் வயோலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி சீயாசாந்தினாக மாறும். அது வந்துவிட்டால் பச்சையம் வாங்கிய கூடுதல் ஆற்றல் வெறும் வெப்பமாக வெளியே கழிந்துவிடும். அதையும் மீறி அடி விழுவது ஒளித்தொகுதி இரண்டு என்கிற, வெளிச்சத்தைப் பிடிக்கிற இயந்திரத்தில் இருக்கிற டி1 என்கிற புரதத்துக்கு. நல்ல வெயிலில் இது ஒரு மணி நேரத்துக்குள்கூடப் பழுதாகும், செடியும் அசராமல் கழற்றிப் புதிது செய்து மாட்டிக்கொண்டே இருக்கும். எல்லா வெயில் செடியிலும் தினமும் நடக்கிற மராமத்துதான். பழுதாகிற வேகம் மாட்டுகிற வேகத்தைத் தாண்டும்போதுதான் இலை வெளுக்கிறது.

இது வெயில் கருகல்தானா என்று உறுதி செய்ய ஒரு நல்ல வழி இருக்கிறது. வெளுத்த இலைக்கு மேலே வேறு இலை நிழல் விழுந்த இடம் உண்டா என்று தேடுங்கள். வெயில் கருகல் என்றால் மேல் இலையின் வடிவம் அச்சு வார்த்த மாதிரி கீழ் இலையில் பச்சையாகவே நிற்கும், அதைச் சுற்றி மட்டும் வெளுத்திருக்கும். பூஞ்சைக்கும் பூச்சிக்கும் இப்படி நிழல் பார்த்துத் தின்னத் தெரியாது. செஞ்சிலந்தி என்றால் இலையைத் திருப்பினால் பொடிப் புள்ளிகளும் மெல்லிய வலையும் இருக்கும். உப்புத் தண்ணீர் பிரச்சினை என்றால் கருகல் ஓரத்திலும் நுனியிலும் ஆரம்பிக்கும், நடுவில் ஆரம்பிக்காது.

செய்ய வேண்டியது: செடியை உடனே காலை வெயில் மட்டும் படுகிற இடத்துக்கு மாற்றுங்கள், ஒன்பது மணிக்கு மேல் நிழல். மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் கூட்டுங்கள். பத்து நாள் முதல் இரண்டு வாரத்தில் புதுத் தளிர் வெயிலிலேயே விரிந்திருக்கும், அது தடிமனாக, சிறியதாக, சற்றுக் கரும்பச்சையாக இருந்தால் முழு வெயிலுக்கு விடலாம். பாதி கருகிய இலையைப் பறிக்காதீர்கள், மிச்சமிருக்கிற பச்சைப் பாதிதான் அந்தத் தளிருக்குச் சோறு போடுகிறது. உரம் இப்போது வேண்டவே வேண்டாம். அதிக வெளிச்சத்தில் தடுமாறுகிற செடிக்கு யூரியா கொடுத்தால் மென்மையான இலையாகத் தள்ளும், அதுவும் அடுத்த வாரம் கருகும்.

ஒரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டு வானம் பளிச்சென்று வெளுக்கிற முதல் நாளும் இதே கூத்து நடக்கும். ஒரு வாரம் மூடிய வானத்தில் விரிந்த இலைகள் நிழல் இலைகள்தான், தொட்டி நகரவே இல்லை என்றாலும்.

மதியம் தொங்கிப்போகிறது, மாலையில் தானாக நிமிர்கிறது

பூசணி, சுரை, பீர்க்கு, வெள்ளரி இவை நாலும் மே மாதத்தில் தினமும் இப்படி மானத்தை வாங்கும். அகலமான இலை, வேர் கொடுப்பதைவிட இலை இழப்பது அதிகம், உடனே தொங்கல். மண்ணில் இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலை விடுங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மாலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள். நிமிர்ந்திருந்தால் அது வெறும் கணக்குச் சரிசெய்தல்.

சரி, தொங்கினாலும் பரவாயில்லை என்றால் அதில் செடிக்கு நட்டமே இல்லையா? இருக்கிறது. காற்று வறண்டு சூடாகும்போது செடி இலைத்துளைகளைச் சுருக்கிக்கொள்ளும். தண்ணீர் மிச்சமாகும், ஆனால் கரியமில வாயு உள்ளே வருவதும் அதே துளை வழியாகத்தான், வேறு வாசல் கிடையாது. உள்ளே வாயு குறையக் குறைய ரூபிஸ்கோ என்கிற நொதி கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடிக்க ஆரம்பிக்கும். மிதமான சூட்டிலேயே நாலைந்து தடவைக்கு ஒரு தடவை அப்படித் தப்பாகப் பிடிக்கிற சுபாவம் அதற்கு, சூடு ஏறினால் இன்னும் மோசம். தப்பாகப் பிடித்ததைச் சரிசெய்ய ஏற்கெனவே சேர்த்த கரியில் கொஞ்சம் திரும்பக் காற்றோடு போகும். நீராவி போகாததால் இலை குளிர்வதும் நின்று, சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி கூடுதல் சூடாக இருக்கும். மொத்தத்தில் கோடையில் பதினொன்று முதல் மூன்று வரை செடி பெரிதாகச் சம்பாதிப்பதில்லை. அதன் உண்மையான வேலை நேரம் காலை ஆறரை முதல் பத்து, பத்தரை வரை.

இதிலிருந்து வருகிற நடைமுறை ஒன்றுதான்: கோடையில் தண்ணீர் விடியற்காலையில். மாலையில் ஊற்றுவது பாவம் ஒன்றுமில்லை, ஆனால் அந்தக் காலை நாலு மணி நேரத்துக்கு வேர் நனைந்திருக்க வேண்டும். கருப்புத் தொட்டியும் கருப்புப் பையும் மேற்கு வெயிலில் வேரையே வேகவைக்கும், ஒரு பழைய சாக்கையோ தென்னை ஓலையையோ அந்தப் பக்கம் சாத்தி வையுங்கள். மண்ணின் மேல் சருகு மூடாக்கு போடுங்கள், இதற்கு மேல் மலிவான வைத்தியம் எனக்குத் தெரியாது.

வாட்டம் மாதிரி தெரிந்து வாட்டமே இல்லாத ஒன்றும் உண்டு. தட்டைப்பயறு, அவரை இரண்டிலும் உச்சி வெயிலில் இலைகள் செங்குத்தாக நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தால் பாவம் தண்ணீர் இல்லை என்று தோன்றும். கிட்டப் போய் இலைக்காம்பைத் தொட்டுப் பாருங்கள், விறைப்பாக இருக்கும். சிற்றிலையின் அடியில் ஒரு சிறு முடிச்சு மாதிரி தடித்த இடம் தெரியும், அந்த மூட்டில் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதால்தான் இலை திரும்புகிறது. அகலப் பரப்பை வெயிலுக்குக் காட்டாமல் விளிம்பை மட்டும் காட்டுகிறது. மாலை நாலரைக்குத் தானாகப் படுக்கைவாட்டுக்கு வந்துவிடும். இதற்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றியே அவரையை அழுக வைத்தவர்கள் நிறையப் பேர்.

காலை ஆறரைக்கும் வாடியே இருக்கிறதா? அப்போதுதான் பிரச்சினை. மண் காய்ந்திருந்தால் தண்ணீர் கொடுங்கள். மண் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சு முட்டுகிறது, அதைக் கீழே மழைக்காலப் பகுதியில் சொல்கிறேன்.

மே மாதம் தக்காளியும் மிளகாயும் அப்படியே நிற்கின்றன, தண்டுக்கீரை மட்டும் கொழுக்கிறது

உங்கள் கைராசி ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இரண்டும் வேறு வேறு இயந்திரம். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, பாலக், கொத்தமல்லி, வெந்தயம் எல்லாம் சி3 வகை, மேலே சொன்ன ரூபிஸ்கோவின் தப்பை முழுதாகச் சுமக்கிறவை. தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை இந்தக் குடும்பமும் மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு, நீங்கள் பிடுங்கிப் பிடுங்கி ஓய்ந்த அருகம்புல்லும் சி4 வகை. இவை கரியமில வாயுவை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் கொண்டுபோய் அடர்த்தியாகக் குவித்து, அங்கே ரூபிஸ்கோவுக்குக் கொடுக்கின்றன. ஆக்சிஜனைத் தப்பாகப் பிடிக்க வாய்ப்பே குறைவு. துளையைச் சற்றுச் சுருக்கிக்கொண்டாலும் வேலை நடக்கும், தண்ணீரும் குறைவாகச் செலவாகும். சி3 செடிகள் பெரும்பாலும் 25, 30 டிகிரியில் ஜோராக இருக்கும், சி4 செடிகளுக்கு 30க்கு மேல்தான் களை கட்டும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி அடிக்கும்போது யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

சி3 செடியில் இன்னொரு கோளாறும் சேர்ந்துகொள்கிறது. ரூபிஸ்கோவைத் தூண்டிவிடுகிற ரூபிஸ்கோ ஆக்டிவேஸ் என்று ஒரு புரதம், சூடு தாங்காது, 35 டிகிரிக்கு மேல் போகப் போகத் தளர்ந்துவிடும். வெளிச்சம் இருக்கும், தண்ணீர் இருக்கும், நொதியும் இருக்கும், தூண்டுகிற ஆள் படுத்துவிட்டான். கோடை இரவின் புழுக்கமும் சும்மா விடாது. பத்து டிகிரி சூடு கூடினால் செடியின் சுவாசச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும், பகலில் அரைகுறையாகச் சேர்த்ததை இரவில் எரித்துவிடும். மிச்சம் இல்லாதபோது எங்கே வளர்வது?

பூ உதிர்வது மட்டும் வேறு கதை, அது சூட்டில் மகரந்தம் கெடுவதால், இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

என்ன செய்யலாம்? சித்திரை, வைகாசிக்குத் தக்காளியை நம்பாதீர்கள், முடிந்தால் அந்தப் பைகளில் கீரை விதையுங்கள். இருக்கிற தக்காளி, மிளகாயை 35 அல்லது 50 சதவீத வலைக்குக் கீழே உயிரோடு வைத்திருந்தால் போதும், காய்ப்பை எதிர்பார்க்க வேண்டாம், ஆடி மழை ஒன்றிரண்டு விழுந்து இரவு குளிர்ந்ததும் அதே செடி புதுக்கிளை விடும். கீரையை வலைக்குள் வைக்காதீர்கள், அது வெயிலை நம்பிப் பிழைக்கிற ஜாதி, நிழலில் கொடுத்தால் நோஞ்சானாக நீளும்.

பருப்புக்கீரை இதில் ஒரு தனிப் பிறவி. சி4 செடிதான், ஆனால் தண்ணீர் நின்றுபோனால் கற்றாழை மாதிரி இரவில் துளை திறந்து அமிலமாகச் சேமிக்கிற முறைக்கும் போகும். இரண்டு முறையும் ஒரே இலையில், ஒரே செல்களுக்குள் ஒன்றோடொன்று பின்னி நடக்கிறது என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022ல் காட்டினார்கள். தொட்டியைக் காயப்போட்டுவிட்டு விடியற்காலையில் பறித்த பருப்புக்கீரையையும் சாயங்காலம் பறித்ததையும் தனித்தனியாகக் கடைந்து பாருங்கள், காலைக் கீரையில் புளிப்பு தூக்கலாக இருக்கும். புளி குறைத்துப் போட்டால் போதும்.

மழைக்காலத்தில் நெடுநெடுவென்று நீள்கிறது, அல்லது அடி இலை மஞ்சளாகிறது

மழை மேகம் கனத்தால் மாடியில் வெளிச்சம் 10,000 லக்ஸுக்கும் கீழே போய்விடும். செடி அதற்கு இலையை அகலமாக்கும், மெலிதாக்கும், வெளிச்சம் பிடிக்கிற நிறமிப் புரதங்களைக் கூட்டி ரூபிஸ்கோ மாதிரி விலை கூடின புரதங்களைக் குறைக்கும். இது நல்ல சிக்கனம், நாம் தலையிட ஒன்றுமில்லை.

தண்டு மெலிந்து நீள்வதற்கு மேகத்தைவிடப் பக்கத்துச் செடிதான் பெரும்பாலும் காரணம். இலை சிவப்பு வெளிச்சத்தைத் தின்றுவிட்டு அதற்கடுத்த தூரச்சிவப்பை விட்டுவிடும். ஆகவே பக்கத்தில் இலைக்கூட்டம் இருந்தால் செடிக்கு எட்டுகிற வெளிச்சத்தில் சிவப்பின் பங்கு குறையும், அதை ஃபைட்டோகுரோம் என்கிற உணரி கண்டுபிடித்து "முந்து" என்று தண்டை நீட்டும். தொட்டிகளை நெருக்கி வைத்திருந்தால் ஒரு முழம் தள்ளி வையுங்கள், நாற்றுத் தட்டில் நெருக்கமாக முளைத்ததைக் களையுங்கள். நீண்ட தண்டு இனிக் குட்டையாகாது. தக்காளி என்றால் கழுத்துவரை புதைத்து நடலாம், மிளகாய் என்றால் நுனியைக் கிள்ளிவிடலாம்.

மஞ்சளுக்கு வருவோம். அடி இலை மட்டும் சீராக வெளிறி மஞ்சளானால் இரண்டு காரணம் உண்டு. ஒன்று, மேல் இலைகளின் நிழலில் அந்த இலை தன் சாப்பாட்டுக்கே சம்பாதிக்கவில்லை, செடி அதைப் பிரித்து அதிலுள்ள தழைச்சத்தை மேலே வெளிச்சமுள்ள இலைக்கு அனுப்புகிறது. ஒளிச்சேர்க்கைப் புரதங்களில்தான் இலையின் தழைச்சத்தில் பெரும்பங்கு இருக்கிறது, அதை விட்டுவிட எந்தச் செடிக்கும் மனசு வராது. மேலே தளிர் பச்சையாக, வேகமாக வந்தால் இதுதான், விட்டுவிடுங்கள். இரண்டு, பத்து நாள் மழை பையிலிருந்த தழைச்சத்தை அலசிக் கீழே கொண்டுபோய்விட்டது. அப்போது தளிரும் சிறுத்து வெளிறி வரும். மழை விட்டதும் ஒரு கை மண்புழு உரமோ நீர்த்த பஞ்சகவ்யாவோ கொடுங்கள், மழை பெய்துகொண்டிருக்கும்போது கொடுத்தால் அதுவும் வடிகாலுக்குத்தான். தளிர் மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து எட்டவில்லை என்று அர்த்தம், காரத்தன்மையுள்ள போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் இது சகஜம், வெளிச்சத்தோடு சம்பந்தமில்லை.

மண் நனைந்திருந்தும் வாடுவது: வடிகால் துளை அடைத்து, வேர் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கிறது. வேர் தண்ணீர் ஏற்ற முடியாததால் இலை துளைகளை மூடிக்கொள்ளும், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் ஒளிச்சேர்க்கை நின்றுபோகும். தக்காளியில் இதற்கு ஒரு தனி அடையாளம், இலைக்காம்புகள் விறைப்பாகவே கீழ்நோக்கி வளையும், துவண்டு தொங்காது. வேரில் நடப்பதற்கு மேலே எத்திலீன் என்கிற ஹார்மோன் வாயு செய்கிற வேலை அது. பையைச் சாய்த்து ஒரு கம்பியால் வடிகால் துளையைக் குத்திவிடுங்கள். அன்றே வெயிலில் வைத்துக் காயவிடலாம் என்று நினைக்காதீர்கள், இலைத்துளைகளை மூடிக்கொண்ட இலைக்கு அப்போது நிழல்தான் வேண்டும்.

மேகமும் வெயிலும் மாறி மாறி வருகிற நாட்களைப் பற்றி ஒரு செய்தி. வெயில் கருகல் பகுதியில் சொன்ன, கூடுதல் ஆற்றலை வெப்பமாகக் கழிக்கிற அந்த வழி, மேகம் மூடியதும் உடனே அடைபடாது, பல நிமிடம் பிடிக்கும், அதுவரை வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் செடி வீணாக்கும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லாங் குழுவினர், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கிருஷ்ணா நியோகியோடு சேர்ந்து, புகையிலையில் இந்த அடைப்பை வேகப்படுத்தி 2016ல் வயலிலேயே சுமார் 15 சதவீதம் கூடுதல் எடை எடுத்துக் காட்டினார்கள். மாடியில் நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை, ஆனால் செடி எவ்வளவு ஜாக்கிரதைக்காரன் என்று தெரிந்துகொள்ளலாம்.

வீட்டுக்குள் வைத்த செடி: மணி பிளாண்டின் வரி மறைகிறது, குரோட்டன் மங்குகிறது, பைகஸ் இலையைக் கொட்டுகிறது

மூன்றுக்கும் காரணம் ஒன்று, வெளிச்சம் போதவில்லை. நம் கண் இதில் பயங்கரமாக ஏமாற்றும். ஜன்னலோரம் ஆயிரம் இரண்டாயிரம் லக்ஸ், நாலடி உள்ளே தள்ளினால் சில நூறு. நமக்கு இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும். போனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள், துல்லியம் இருக்காது, ஆனால் இரண்டு இடத்தை ஒப்பிடப் போதும். ஒவ்வொரு செடிக்கும் வரவும் செலவும் சமமாகிற ஒரு வெளிச்ச அளவு உண்டு, அதற்குக் கீழே போனால் கையிருப்பைத் தின்று பிழைக்கும். நிழல் செடிகளுக்கு அந்த அளவு ரொம்பக் குறைவு, வெயில் செடிகளுக்குப் பல மடங்கு அதிகம். மணி பிளாண்ட் பிழைப்பதும் ரோஜா சாவதும் அதனால்தான்.

வரி மறைவது, வெளிச்சம் குறைந்த இடத்தில் புது இலைகள் அதிகப் பச்சையத்தோடு வருவதால். ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள், அடுத்த இலைகளில் வரி திரும்பும். பைகஸ் இடம் மாற்றினாலே கோபித்துக்கொண்டு இலை கொட்டும், தண்ணீரைக் கூட்டாமல் மூன்று நாலு வாரம் அதே இடத்தில் விடுங்கள், மெல்லிய புது இலை வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் எல்லாச் செடியையும் மாடி வெயிலில் வைத்து எடுக்கிற வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. ஆயிரம் லக்ஸில் வாழ்ந்த இலைக்கு ஒரு லட்சம் லக்ஸ் காட்டுவது அது. தயவுசெய்து நிறுத்துங்கள். வெளியே வைப்பதென்றால் மரத்தடி நிழல் போதும்.

தளிர் சிவப்பாக வருகிறது

மா, இட்லிப்பூ, ரோஜா என்றால் பூரிப்போடு பார்த்துவிட்டுப் போங்கள். தளிரில் ஒளிச்சேர்க்கை இயந்திரம் இன்னும் முழுதாகப் பொருத்தப்படவில்லை, அதுவரை ஆந்தோசயனின் என்கிற சிவப்பு நிறமி வெயிலை மறைக்கிறது. இலை முற்றினதும் பச்சையாகும்.

கற்றாழை செம்பழுப்பாகிறது, டிராகன் பழக் கொடி மஞ்சளாகிறது

இவை கேம் வகை. பகலில் துளையை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேர்த்து, மறுநாள் மூடிய வீட்டுக்குள் அதை எடுத்துச் சமைக்கிறவை. கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, அன்னாசி, பாம்புச் செடி, ரணகள்ளி எல்லாம் இந்தக் கூட்டம். பிரண்டையில் தண்டு இப்படி, இலை சாதாரண சி3.

இதை முதலில் நாக்கால் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் ஊரில் இருந்தவர். மொராவியன் சபை மிஷனரியாகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, மதியம் சப்பென்று இருக்கிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று எழுதிய கடிதம் 1815ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. நீங்கள் மென்று பார்க்க வேண்டாம், அந்தச் செடியில் இதயத்தைப் பாதிக்கிற பொருட்கள் உண்டு.

கற்றாழை கடும் வெயிலிலும் வறட்சியிலும் சிவப்பு நிறமி சேர்த்துக்கொள்ளும். நான் முதலில் சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு, நிழலும் தண்ணீரும் கிடைத்தால் அதே பழைய இலை சில வாரங்களில் பச்சைக்குத் திரும்பிவிடும். டிராகன் கொடி மஞ்சளாவது வெயில் கருகலின் ஆரம்பம். கள்ளி ஜாதிதானே தாங்கும் என்று நினைக்கிறோம், அது காட்டில் மரத்தைப் பற்றி ஏறி அரைநிழலில் வளர்கிற கொடி. கோடை இரண்டு மாதம் மேலே வலை கட்டுங்கள். தண்டு கெட்டியாக இருக்கிறவரை மீளும், அமுக்கினால் கொழகொழவென்றிருந்தால் அழுகல், அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள்.

வலையை எப்போது கட்டுவது, எப்போது கழற்றுவது

வருடம் முழுக்க வலை கட்டி வைப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். மழைக்காலத்தில் 10,000 லக்ஸில் பாதியை வலை தின்றால் கத்தரி எப்படிக் காய்க்கும்? சோழவந்தான், ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் பார்த்திருப்பீர்கள், நிழலுக்கு அகத்தியை வளர்த்து, கோடையில் தழையை விட்டுவைத்து, வெளிச்சம் வேண்டுகிற காலத்தில் கழித்துவிடுவார்கள். வலையையும் அப்படித்தான் நடத்த வேண்டும், ஒரு பக்கம் கயிற்றில் சுருட்டுகிற மாதிரி கட்டிக்கொள்ளுங்கள்.

கட்டுவது மார்ச் கடைசியில், ஒரே நாளில் கட்டினாலும் பாதகமில்லை. வெளிச்சம் குறைவதைச் செடி சமாளிக்கும், கூடுவதுதான் கஷ்டம். கழற்றும்போது மட்டும் அவசரம் கூடாது. ஜூலையில் முதல் வாரம் காலை ஒன்பது வரை சுருட்டி வைத்து மறுபடி விரியுங்கள், அடுத்த வாரம் பதினொன்று வரை, அப்புறம் மதியம் மட்டும் மூடுங்கள். தினமும் சுருட்ட ஆள் இல்லாத வீடு என்றால், நாலைந்து நாள் தொடர்ந்து மேகம் போடும் என்று தெரிகிற வாரமாகப் பார்த்து முதல் நாளே மொத்தமாகக் கழற்றிவிடுங்கள். அதற்குள் வெயில் வந்துவிட்டால் மேற்குப் பக்கத் தொட்டிகளுக்கு மட்டும் பழைய வேட்டியைக் கட்டுங்கள்.